ஆடிக் காற்றில் சாய்ந்த புகை

சித்தப்பாவை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது, சிவகாசியில் அவர் வேலை பார்த்த அச்சகத்தின் மொட்டை மாடியும், நெற்றிக்கு மேல் கையை வைத்து அவர் தூரத்தில் பார்ப்பதும்தான். எங்கள் பக்கத்தில் எங்காவது பட்டாசுக் கம்பெனி வெடித்த சத்தம் கேட்டால் எல்லோரும் மாடிக்கு ஓடுவோம். புகை எழும் திசையை வைத்து எந்த ஊர் என்று முடிவு செய்ய வேண்டும். அப்புறம்தான் நம் ஆட்கள் யார் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று விசாரிப்போம். சித்தப்பா ஊர் பேரைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பல வருஷத்துக்கு முந்தி ஒரு ஆடி மாதத்திலும் அப்படித்தான் ஏறிப் பார்த்தார். "நாரணாபுரம் பக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கி, தீபாவளி சீசன் லேபிள் ஆர்டரை ஓட்டப் போய்விட்டார். சித்தி வேலை பார்த்தது தாயில்பட்டியில். வெடித்ததும் தாயில்பட்டியில்தான். காற்று அந்தப் புகையைச் சாய்த்துக் கொண்டுவந்து வேறொரு ஊரின் தலைக்கு மேல் நிறுத்தியிருந்தது. மெஷின் சத்தத்தில் போன் அடித்ததும் கேட்கவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சித்திக்கு நினைவு தப்பியிருந்தது, பிறகு திரும்பவே இல்லை. அதற்கு முன்னால் வாய் ஓயாமல் "அவுக வந்துட்டாகளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த ஒரு அம்மா அதை அவரிடமே சொல்லிவிட்டாள். பாவி, சொல்லாமல் இருந்திருக்கலாம்.

என் பிழைப்பு, சினிமாவுக்காகக் கம்ப்யூட்டரில் புகை எழுப்புவது. இதை யாரும் கையால் வரைவதில்லை. சூடு இவ்வளவு, அடர்த்தி இவ்வளவு, காற்று இவ்வளவு என்று எண்களைக் கொடுத்தால் புகை தானாக எழும்பும். சொன்ன பேச்சை மட்டும் கேட்காது. ஹீரோ முகத்தை மறைக்கிறது, கொஞ்சம் இடப்பக்கம் சாய் என்பார் டைரக்டர். அதற்கு ஒரு பகல் பூராவும் மல்லுக்கட்ட வேண்டும். சித்தப்பா இறந்து சில மாதம் ஆகிறது, இன்றைக்கும் அதே மல்லுக்கட்டுதான்.

போன வருஷம் எங்கள் விருதுநகர் வீட்டில் உட்கார்ந்து அப்படி ஒரு ஷாட் செய்துகொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து சித்தப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "புகைக்குச் சம்பளமாலே? நம்ம பக்கம் ஓசியாவே கெடைக்குமே" என்று கேலி பேசினார். நான் காற்றைக் கூட்டினேன். நேராக நின்ற புகை மெல்லச் சாய்ந்தது. அவர் நாற்காலியைத் திரைப் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"ஏலே, ஆடிக் காத்தடிச்சா தூரத்துல நிக்கவனுக்கு எப்படித் தெரியும்னு காட்டுவியா?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இத்தனை வருஷம் சுமந்ததை இன்றைக்கு இறக்கி வைத்துவிடுவார் என்று நினைத்தேன். காற்றை அள்ளிக் கொடுத்து, நெருப்பை மறைத்து வரிசையாக மரங்களை வைத்து, பார்வையைத் தூரத்துக்குத் தள்ளினேன். புகை எங்கிருந்து கிளம்புகிறது என்று தொட்டுக் காட்டச் சொன்னேன். தொட்டார். மரங்களை எடுத்தேன். நெருப்பு எங்கேயோ தள்ளி எரிந்தது.

"பாத்தீகளா சித்தப்பா? யாரு பாத்தாலும் தப்பாத்தான் சொல்லுவாக. உங்க மேல என்ன தப்பு?"

அவர் "இன்னொண்ணு போடு" என்றார். இடத்தை மாற்றிப் போட்டேன். தவறினார், ஆனால் பக்கத்தில் வந்துவிட்டார். மறுபடியும் போடச் சொன்னார். இந்தத் தடவை புகையின் தலையை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து, மரங்களுக்கு மேல் புகை வெளிப்படும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து அது சாயும் போக்கில் கீழே இறக்கி விரலை வைத்தார். மரங்களை எடுத்தேன். விரலுக்கு நேர் கீழே எரிந்துகொண்டிருந்தது.

அடுத்ததற்கு அவருக்குத் தெரியாமல் காற்றை இன்னும் கூட்டினேன், மரங்களை உயர்த்தினேன். எப்படியாவது அவர் தப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டேன். அவசரப்படாமல் பார்த்து, சரியான இடத்தையே தொட்டார்.

விரலை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"கொஞ்ச நேரம் நின்னு பாத்தா தெரியுதுலே" என்றார். "நாந்தான் நிக்காம எறங்கிட்டேன்."