ஆனைமலை வாய்க்காலில் நின்றுபோன நீலப் புள்ளி

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை நானும் சுமதியும் ஆனைமலைக்குப் போனோம். மாசாணியம்மனைக் கும்பிடுவது ஒரு காரணம். இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். பீளமேட்டில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாங்கள் ஒரே நாளில் ஒரே மாடல் போன் வாங்கியிருந்தோம். நான் மட்டும் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஆப் ஒன்றைப் போட்டிருந்தேன். அதெல்லாம் சும்மா என்று அவள் தினமும் வம்புக்கு இழுப்பாள். ஒரு நாள் முழுக்க வெளியே சுற்றிச் சோதித்துவிடலாம் என்று கிளம்பினோம்.

காலை எட்டு மணிக்கு இரண்டு போனிலும் நூறு சதவீதம். இரண்டுக்கும் ஒரே அளவு வேலை இருக்கட்டும் என்று, நாங்கள் இருக்கும் இடத்தை ஒருவருக்கொருவர் மேப்பில் பகிர்ந்துகொண்டோம். வாடகைக் கார், நாள் வாடகை 2,800 ரூபாய். ஓட்டியவர் செந்தில். பொள்ளாச்சி வழியாக ஆனைமலை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். கோயிலில் கூட்டம் அதிகம். தரிசனம் முடிந்து சாப்பிட்டபோது மணி இரண்டு. என் போனில் 71, அவளுடையதில் 72. பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு சேத்துமடைப் பக்கம் போனோம். மழை விட்டிருந்தது. மலையில் பாதியை மேகம் மூடியிருந்தது. ஒரு வாய்க்கால் பாலத்துக்கு அந்தப்புறம் தென்னந்தோப்பு. படம் எடுக்க நான் இறங்கினேன். சுமதிக்குக் கால் வலி, காரிலேயே இருந்துவிட்டாள். "பத்து நிமிஷத்துல வந்துடுவேன்" என்றேன். பாலத்தின் நடுவில் நின்று மேப்பைப் பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன்.

தென்னந்தோப்பில் வழி தவறும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை. நான்கு படம் எடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன், பாலம் வரவில்லை. போனை எடுத்தால், மேப்பில் நான் இன்னும் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். நடந்தேன், நீலப் புள்ளி அசையவில்லை. சிக்னலும் இல்லை. ஈரத்தில் மட்டைகள் சொட்டும் சத்தம் மட்டும்.

அப்போது யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆண் குரல், வயதான குரல். "நித்யா அம்மணீ..." என்று நீட்டி. செந்தில் என்னை மேடம் என்பார். இந்த ஊரில் வேறு யாருக்கும் என் பெயர் தெரியாது. இரண்டாவது முறையும் கூப்பிட்டது. நான் பதில் கொடுக்கவில்லை. குரல் வந்த திசைக்கு எதிர்ப்பக்கமாக வேகமாக நடந்தேன். ஏன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் வளைந்து வரும் இடத்தில் கரைக்கு வந்து, கரையோடு நடந்தேன். தூரத்தில் பாலம். அதன் அடியில் ஏழெட்டுப் பேர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கிட்டப் போனேன்.  நடுவில் தரையில் ஈரத் துணிக் குவியல் ஒன்று. அதன் பக்கத்தில் உட்கார்ந்து சுமதி அழுதுகொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். சுமதி என்னைப் பார்த்துவிட்டு, அந்தத் துணியைப் பார்த்தாள். பிறகுதான் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடாமல் தன் போனைக் காட்டினாள். அதில் என் புள்ளி பாலம் இருக்கும் இடத்தில், வாய்க்காலின் நடுவில் நின்றது. முக்கால் மணி நேரமாக அங்கேயே நின்றிருக்கிறது. போன் செய்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. நான் அவள் பக்கத்தில் நின்றபோதும் அந்தப் புள்ளி தண்ணீரை விட்டு நகரவில்லை.

சொட்டச் சொட்ட நனைந்த ஒருவர் முன்னே வந்தார். ரங்கசாமி, பக்கத்துத் தோட்டத்துக்காரர். சுமதியிடம் பெயரைக் கேட்டுக் கரையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தவர் அவர்தான்.

"கூப்பிட்டனுங்க அம்மணி, சத்தமே இல்லீங்க. செரின்னு உள்ள எறங்கிப்போட்டேன். வேர்கிட்ட சீலை கையில சிக்குச்சுங்க. இழுத்தா கனமா இருந்துச்சு. நீங்கதான்னு நெனச்சுட்டனுங்க."

"அது யார் சேலைங்க?"

"பழசுங்க. ஆரோ ஊட்டுல இருந்து கொண்டாந்து தண்ணில உட்டிருப்பாங்க. அதுக்குள்ள மண்ணு. நீங்க போயி மொதல்ல டீ குடிங்க."

 மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னங்க" என்றார்.

பொள்ளாச்சியில் டீக்கு நிறுத்தியபோது என் போனில் 52, சுமதியுடையதில் 55. அவள் எத்தனையோ முறை அழைத்துப் பார்த்தபிறகும் அவளுக்குத்தான் அதிகம். பேட்டரி எங்கே செலவானது என்று அமைப்புகளில் பார்த்தேன். திரைக்கு அடுத்தபடி, மிச்சம் பிடிக்க வந்த அந்த ஆப். மேப்பை அது மூட, மேப் மறுபடி திறக்க, அது மறுபடி மூட, கடைசியில் பாலத்தின் மேல் இருப்பிடம் அறிவதையே ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறது. ஒரு நாள் சோதனையை வைத்து எல்லா ஆப்பும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். நான் அதை அங்கேயே நீக்கிவிட்டேன்.

நீங்கள் போவதானால் போனிலேயே இருக்கும் பேட்டரி சேவர் போதும். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், ஒரு பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். மேப்பை முன்பே இறக்கி வையுங்கள். பகிர்ந்த இடம் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று அதன் கீழேயே சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். நாங்கள் இருவரும் படிக்கவில்லை.

திரும்பும் வழியில் செந்தில் மெதுவாகச் சொன்னார்: "அந்தத் தோட்டத்துக்காரருக்கு நீச்சல் அவ்வளவா தெரியாதுங்களாம் மேடம். எறங்கறப்ப சொல்லலீங்க."

அன்று பாலத்தில் கால் வைக்கும் முன்பே என் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தால் சுமதி என்னைத் தோப்புக்குள் தேடியிருப்பாள். யாரும் தண்ணீரில் இறங்கியிருக்க மாட்டார்கள்.