உடைபடாத மஞ்சள் பூசணி

கற்பூர வாசனை இன்னும் போகாத ஒரு மஞ்சள் பூசணிக்காய், கும்மிடிப்பூண்டியில் எங்கள் வாடகை வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தபோதுதான், அதை பிஸ்கட்டாகச் சுட்டுவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

அப்போது எட்டாவது படித்தேன். நைனாவுக்கு இரும்புக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. ஆயுத பூஜைக்கு மெஷின் முன்னால் உடைக்கப் பூசணி வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் வெள்ளைப் பூசணி தீர்ந்துபோயிருக்க, அவசரத்தில் இந்த மஞ்சள் பூசணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். "திருஷ்டி கழிக்கச் சொன்னா சாம்பாருக்கு காய் வாங்கினு வந்துகீறியேப்பா" என்று சூப்பர்வைசர் சொல்ல, எல்லோரும் சிரிக்க, நைனாவின் மெஷினுக்கு மட்டும் எதுவும் உடைபடாமலே பூஜை முடிந்தது. அடுத்த வாரம் யாருக்கெல்லாம் கான்ட்ராக்ட் நீளும் என்று சொல்லப்போகிறார்கள். அந்தப் பயம்தான் டி.வி.க்குப் பக்கத்தில் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது.

அம்மா அதைச் சமைக்கவும் மாட்டாள், எறியவும் மாட்டாள். "பூஜையில வச்ச காய். நாம துன்னா திருஷ்டி நம்ம வயித்துக்குள்ள பூடும்" என்பாள்.

"அப்ப கம்பெனிக்கே குடுத்துடலாம்" என்றேன். செல்போனில் யாரோ பூசணி பிஸ்கட் சுட்டதைப் பார்த்திருந்தேன். சூப்பர்வைசர் அதைத் தின்றால் நைனாவை வேலையைவிட்டு அனுப்பமாட்டார் என்று நிஜமாகவே நம்பினேன்.

"பொம்பளைங்க முழுப் பூசணி வெட்டக்கூடாது" என்று அம்மா சொன்னதால் நைனாதான் வெட்டிக் கொடுத்தார். ஓவனுக்கு எங்கே போவது? குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பைக் கொட்டிச் சூடேற்றினேன். மசித்த பூசணி, வெல்லம், மைதா, வெண்ணெய், ஆப்பச் சோடா, பட்டை, கிராம்பு, சுக்கு. முதல் தட்டு களியாகப் பரவியது. மசியலைத் துணியில் கட்டிப் பிழிய வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. "அடுப்ப அணைடி, வெடிச்சிடப் போவுது" என்று அம்மா கதவருகே நின்று புலம்பிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தட்டு உப்பி வந்தது, விரலால் அமுக்கினால் பஞ்சு போல் மீண்டது.

மறுநாள் பிஸ்கட் டிபன் பாக்ஸில் நைனாவோடு கம்பெனிக்குப் போக, பள்ளியில் எனக்கு ஒரு பாடமும் ஏறவில்லை. எதில் செய்தது என்று சூப்பர்வைசர் கேட்டுவிட்டால்?

சாயங்காலம் பாக்ஸ் காலியாக வந்தது.

"இன்னாச்சு நைனா?"

"சூப்பர்வைசரு ரெண்டு துன்னாரு. இன்னாப்பா இது, இம்மாம் மெத்துனு கீதேன்னாரு. கேரட்டுன்னுட்டேன்."

"சாமி காயப் போய் கேரட்டுன்னுகீறியே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில், கான்ட்ராக்ட் நீண்டவர்கள் பட்டியலில் நைனாவின் பெயர் இருந்தது. பிஸ்கட்டாலா என்று கேட்டால், "மெஷின் ஓட்ட ஆள் வேணும்ல" என்பார்.

நைனாவின் கம்பெனி ஷெட் இருந்த இடத்தில் இப்போது குடோன். குக்கர் பழைய இரும்புக்குப் போய்விட்டது. என்னிடம் ஒரு சின்ன ஓவன் இருக்கிறது. அதே சாலையில், வேறொரு கம்பெனியில், டிரெய்னி வேலையும். இந்த ஆயுத பூஜை முடிந்ததும் எங்களில் யாரை வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள். உடைக்க வாங்கும்போதே வெள்ளைப் பூசணி ஒன்றைக் கூடுதலாக வாங்கி, துருவிச் சுட்டுப்பார்க்கப் போகிறேன். நீர் விடும் காய். எவ்வளவு பிழிந்தால் மெத்தென்று நிற்கும் என்று தெரியவில்லை. எதில் செய்தது என்று கம்பெனியில் கேட்டால், இந்தமுறை பூசணி என்றே சொல்லிவிடுவதா என்றும்.