கிரேஸ் கேட்ட கேள்வி

டெல்லியில் நான் வேலை பார்க்கும் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் கிரேஸ் எனக்கு ஜூனியர். நைரோபியிலிருந்து படிக்க வந்து, இங்கேயே வேலையில் சேர்ந்தவள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவள் போட்ட வரைபடத்தை நிர்வாகக் குழுவிடம் விளக்க வேண்டிய நாளில், நீளமான பின்னல்களும் பளீரென்ற ஆரஞ்சு கோட்டுமாக வந்து நின்றாள்.

தனியே அழைத்தேன். "நம்மள மாதிரி கறுப்பா இருக்கறவங்களுக்கு இந்தக் கலர் எடுக்காது கிரேஸ். என் சாம்பல் கோட்டைப் போட்டுக்கோ" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. "தீதி, இதை உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று, வழக்கம்போல அக்கா முறை வைத்து, இந்தியில் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

ஆரஞ்சு கோட்டோடுதான் உள்ளே போனாள். குறுக்குக் கேள்விகளுக்கெல்லாம் சிரித்தபடி பதில் சொன்னாள். "கட்டடம் முடியும்வரை இந்தப் பெண்ணே பார்த்துக்கொள்ளட்டும்" என்றார் பள்ளி முதல்வர்.

யார் சொன்னது என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்குத் துணி எடுக்கும்போதெல்லாம் அம்மா சொன்னதுதான். ஆனால் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன மாதம் சரோஜினி நகர் கடையில் அதையே என் மகளிடம் நான் சொன்னேன். அவள் எதுவும் கேட்காமல், கையிலிருந்த சட்டையைத் திரும்ப வைத்துவிட்டாள்.