மாமா விட்ட விரால்

தூண்டிலுக்குப் புழு வேண்டாம் என்று மாமா சொன்னபோதே அம்மா அவரைப் பிடித்து வீட்டில் இருத்தியிருக்க வேண்டும். மாமா, அம்மாவின் ஒரே தம்பி. பத்தொன்பது வயதில் கனடாவுக்குப் போனவர், பதினெட்டு வருடம் கழித்து இரண்டு கிழமை விடுமுறையில் உருத்திரபுரத்துக்கு வந்திருந்தார். மற்ற வீட்டுக் கனடாக்காரர்கள் சொக்லேட்டும் சவர்க்காரமும் கொண்டுவருவார்கள். எங்கள் மாமா நீளப் பையொன்றில் தூண்டில் கொண்டுவந்தார்.

அது நான்கு துண்டாகக் கழலும். இரைக்குப் பதிலாக, முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அங்கே சின்ன ஏரிகளில் ட்ரவுட் என்ற மீனை இப்படித்தான் பிடிப்பார்களாம். பெரிய ட்ரவுட் ஒன்றைப் பிறந்த பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு நிற்கும் படத்தை மாமா கைபேசியில் காட்டினார். அதை எப்படிச் சமைத்தாய் என்று அம்மா கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். அப்போதாவது நாங்கள் உசாராகியிருக்கலாம்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. தம்பி பிடித்த விராலைத் தம்பிக்கே சமைத்துப் போட வேண்டும். சின்ன வயதில் அவர் குளத்தில் விரால் பிடித்து வந்து, குழம்பு கொதிக்கும்வரை அடுப்படியிலேயே குந்தியிருப்பாராம். சந்தையில் வாங்கினால் என்ன என்று கேட்ட அப்பாவை அம்மா முறைத்த முறைப்பில், அவர் வயலுக்குப் போய்விட்டார்.

மூன்று நாள், பத்து வயதுக்காரி நான், பூச்சிப் பெட்டியைச் சுமந்துகொண்டு குளக்கட்டில் வெயிலில் காய்ந்தேன். மாமா நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் சாட்டை மாதிரி வீசுவார். அதில் ஒரு மருதமரக் கொப்பும், என் சட்டையும், ஒரு எருமையின் வாலும் பிடிபட்டன. பக்கத்தில் தூண்டில் முள்ளில் தவளையைக் கொழுவி மூன்று விரால் பிடித்துவிட்ட அண்ணை ஒருவர், "தம்பி, மீனுக்கோ மாட்டுக்கோ வீசுறியள்?" என்று கேட்டார். எனக்கு மானம் போனது. வகுப்பு முழுக்கக் கனடாத் தூண்டிலைப் பற்றி அளந்து வைத்திருந்தேன்.

ஒவ்வொரு நாளும் அம்மா தேங்காய் துருவி, பழப்புளி கரைத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தார். ஒவ்வொரு நாளும் பருப்புத்தான் சாப்பிட்டோம்.

விடிந்தால் மாமாவுக்குப் பயணம். கடைசி நாள் வெயில் சரியும் நேரத்தில் நூல் விறைத்தது. மாமா இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். என் கை நீளத்துக்கு ஒரு விரால்! நான் துள்ளிக் குதித்தேன். படம் எடு என்று கைபேசியைத் தந்தார். எடுத்தேன். பிறகு அவர் குனிந்து, மீனைத் தண்ணீருக்குள் வைத்து, முதுகை ஒருதரம் தடவி, விட்டுவிட்டார்.

"மாமா! என்ன செய்யிறியள்!"

"பெரிசை விட்டிட வேணும் பிள்ளை. அங்க அப்பிடித்தா..."

சொல்லும்போதுதான் அவருக்கே உறைத்தது. வெறுங்கையைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். படத்திலாவது மீன் இருக்கும் என்று பார்த்தால், என் பெருவிரல்தான் இருந்தது.

குசினியில் அம்மா சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தார்.

"அக்கா, பிடிச்சனான். பழக்கத்தில விட்டிட்டன்."

அம்மா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் தண்ணீர் தெளித்து அடுப்பை நூர்த்தார்.

"ஓம், உனக்கு விட்டிட்டுப் போகத்தானே தெரியும். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கவும் நான் பக்கத்து வீட்டுப் பெடியனைத்தானே கூப்பிட்டனான்."

ஒரு விராலுக்கும் எப்போதோ செத்துப்போன அம்மப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை நாள் வெயில்! அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாகச் சொன்னேன்.

"நான் எண்டா விட்டிருக்க மாட்டன் அம்மா."

அம்மா என்னைக் கனநேரம் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவிவிட்டு, பருப்புக் கழுவப் போனார்.

அந்தப் பார்வை அன்று எனக்கு விளங்கவில்லை. இதை எழுதுவது கனடாவில், மாமா வீட்டு மாடியறையில். நான் வந்து ஆறு வருடமாகிறது. இன்னும் ஒருதரமும் ஊருக்குப் போகவில்லை.