எங்களுக்கு மட்டும் பால் டின்

பால் டின்னில் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீரை ஊற்றினால் முதலில் தகர வாசனைதான் மேலே எழும். அதன் பின்னால் கெட்டிப்பாலின் இனிப்பு வாசனையும், இன்னும் சற்றுக் கழித்து, டின்னைத் தூக்கிப் பிடிக்கக் கட்டியிருக்கும் சணல் கயிறு ஆவியில் நனைந்து விடுகிற வாசனையும் வரும். அந்த மூன்றையும் ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு, வெட்டிய விளிம்பு உதட்டைக் கிழிக்காமல் எந்தப் பக்கம் வாய் வைக்கலாம் என்று டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்தான் என் ஒன்பது வயதின் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. இதை எழுத உட்கார்ந்தபோது இனிமையாகத்தான் எழுத நினைத்தேன். முடியவில்லை. எழுபது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

மலாக்காவில் காஜா பெராங் சடக்கில், அதாவது சாலையில், அப்போது ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை இருந்தது. பெயர்ப்பலகை இருந்ததாக நினைவில்லை. கதவுகளுக்குப் பச்சைச் சாயம் பூசியிருந்ததால் 'பச்சக் கதவுக் கடை' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அப்பா மாரிமுத்துவுக்குச் சடக்கோரத்து 'லோங்கா'க்களில் அடைத்துக்கொண்ட சேற்றை வாரிப்போடும் வேலை. ஆறு நாளும் முழங்கால் வரை சாக்கடையில் நின்றவர் ஏழாம் நாள் காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, திருநீறு பூசி, என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைக்குப் 'பசியாற'க் கிளம்புவார். காலைச் சாப்பாட்டை நாங்கள் பசியாறல் என்றுதான் சொல்வோம். அம்மா ஒருநாளும் எங்களோடு வந்ததில்லை. "அந்தக் கடைச் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு வயிற்றுக் கோளாறு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடை இட்லி மாதிரி இன்னொரு கடையில் நான் இதுவரை சாப்பிட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இலையில் விழுந்ததும் ஆவியோடு லேசாக ஆடும். முருங்கைக்காய் போட்ட சாம்பாரை அதன் தலையில் ஊற்றினால் அப்படியே குடித்துக்கொள்ளும். வடையைச் சட்டியிலிருந்து நேரே என் இலைக்குக் கொண்டுவருவார் பரிமாறுகிற சுப்பையா அண்ணன். கூடத்தில் நீள மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி சூடு ஆறிவிடும், எங்களுக்கு ஆறாது. ஏனென்றால் நாங்கள் கடைக்குப் பின்னால், கிணற்றங்கரையில், ஜம்பு மரத்தடியில் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அடுப்படி எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய் அங்கே உட்காருவது எனக்குப் பெரிய சலுகையாகத் தெரிந்தது.

அதைவிடப் பெரிய சலுகை டின். கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் கண்ணாடிக் கிளாசில் வரும். குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போவார்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் காலியான பால் டின்னின் மூடியை நிமிர்த்தி, ஓட்டை போட்டு, கயிறு கட்டிக் கொடுப்பது அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் உண்டு. நாங்களோ உட்கார்ந்து குடித்தாலும் டின்தான். குடித்து முடித்ததும் அது எனக்கே சொந்தம். "நமக்கு மட்டும் ஏம்ப்பா டின்னு?" என்று ஒருமுறை கேட்டேன். அப்பா வடையைப் பிய்த்து என் வாயில் வைத்துவிட்டு, "நீ வெளயாடத்தான் பாப்பா" என்றார். நான் நம்பினேன். வீட்டுக்குப் பின்னால் பதினொரு டின்களை வரிசையாகக் கவிழ்த்து அடுக்கி வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றைக்கூட அம்மா வீட்டுக்குள் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் போய், "எங்களுக்கு மட்டும் டின்னு குடுப்பாங்க, ஒங்களுக்குக் குடுக்க மாட்டாங்க" என்று பீற்றிக்கொண்டதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கடைக்குப் புதிதாக யார் வந்தாலும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி சிரித்த முகத்தோடு இரண்டு கேள்வி கேட்பார். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பது முதல் கேள்வி, அதற்குப் பதில் வந்ததும், "அங்க எந்தத் தெரு?" என்பது இரண்டாவது. எவ்வளவு மரியாதையான கேள்விகள்! இரண்டாவதன் பதிலைப் பொறுத்து அந்த ஆளின் கால்கள் கூடத்துக்குப் போகும், அல்லது சந்துக்குப் போகும். எல்லாரும் ஒரே கப்பலின் அடித்தட்டில் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுத்தபடி வந்தவர்கள்தான். இறங்கும்போது மட்டும் பெட்டி படுக்கையோடு அவரவர் தெருவையும் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். இலையில் அவர்கள் பேதம் பார்க்கவில்லை. தின்று முடித்ததும் இலையைத் தூக்கி எறிந்துவிடலாம், டின்னையும் எறிந்துவிடலாம். கிளாசைத்தான் கழுவி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், அதில் எங்கள் எச்சில் பட்டுவிடக் கூடாது. அப்போது இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் புரியவில்லை.

அதே சடக்கில், வளைவுக்கு அந்தப் பக்கம், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் மலாக்காச் செட்டி வீட்டுப் பெண் ஒருவர் கடைகளின் முன்னாலிருக்கும் அஞ்சடி நடைபாதையில் தட்டு வைத்துத் தேங்காய்ப்பால் சோறான 'நாசி லெமாக்' விற்பார். நெற்றியில் எங்களைப் போலவே திருநீறு, பேச்சு மட்டும் மலாய். அம்மா எப்போதாவது வெளியே வாங்கிச் சாப்பிட்டார் என்றால் அவரிடம்தான். எங்களுக்கு விக்கல் எடுத்தால் அந்தப் பெண் தன் குவளையிலேயே தண்ணீர் மொண்டு நீட்டி "மினும், மினும்" என்பார், குடி குடி என்று. அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் அதிர்ஷ்டம், எந்தத் தெரு என்று கேட்கவும் தெரியாது.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். சடக்கெல்லாம் காகிதக் கொடி. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை முதலாளி, வழக்கத்துக்கு மாறாக, பின்பக்கம் வந்து நின்றார். "வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் வாங்கப்பா. கேசரி போடறேன். இனிமே நாம எல்லாரும் ஒரே நாட்டு ஆளுங்க, என்னா?" என்றார். பலகையில் இருந்தவர்கள் இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் 'சரிங்க மொதலாளி' என்றார்கள். அப்பா மட்டும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் 'எல்லாரும்' என்கிற அந்த ஒரு சொல்லை அவர் வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். நகக்கண்ணில் சேறு இருக்கிறதா என்று ஈர்க்குச்சியால் நோண்டி நோண்டிப் பார்த்தார். அம்மா வாசலில் நின்று, "எங்க ஒக்காரப் போறீங்க?" என்று கேட்டார். "முன்னாடி" என்றார் அப்பா. அம்மா எனக்குப் பின்னியிருந்த சடையை அவிழ்த்து, இன்னொரு முறை இறுக்கிப் பின்னிவிட்டார்.

சந்துக்குத் திரும்பாமல் பச்சைக் கதவு வழியாக நுழைந்தோம். கூடத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மேசையின் கோடியில் உட்கார்ந்தோம். இலை வந்தது, இட்லி வந்தது, நெய் மினுமினுக்கக் கேசரி வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்; அவர் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு தேத்தண்ணீர். எங்களுக்கு முன்னால் இருந்தவருக்குக் கிளாஸ், பக்கத்தில் இருந்தவருக்குக் கிளாஸ், அப்பாவுக்கு முன்னால் கயிறு கட்டிய டின்.

"கிளாசு இல்லீங்களாண்ணே?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார். சுப்பையா அண்ணன் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "கிளாசு தீந்து போச்சு மாரிமுத்து" என்றார். எங்கள் கண்ணுக்கு நேரே, கழுவிக் கவிழ்த்த கிளாஸ்கள் தட்டு நிறைய, வரிசை வரிசையாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன. கல்லாவிலிருந்து முதலாளி சிரித்தார். "என்னாப்பா, எப்பவும் குடிக்கிறதுதான? நாடு மாறுச்சுன்னா கட மாறிடுமா?" கூடத்தில் சிலர் சிரித்தார்கள். அப்பா டின்னின் கயிற்றில் விரலை மாட்டினார், ஆனால் தூக்கவில்லை.

நான் சுப்பையா அண்ணன் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். பாவம், அவர் அந்தத் தட்டைக் கவனிக்கவில்லை போல என்று எண்ணிக்கொண்டு, உதவி செய்கிற உற்சாகத்தில் எழுந்து ஓடி, ஒரு கிளாசை எடுத்து வந்து அப்பாவின் முன் வைத்து, டின்னிலிருந்த தேத்தண்ணீரைச் சிந்தாமல் அதில் ஊற்றினேன். "நெறைய இருக்குண்ணே கிளாசு, பாருங்க" என்று சத்தமாக வேறு சொன்னேன். பாராட்டுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன.

முதலாளி எழுந்து வந்தார். தோள் துண்டால் கிளாசைச் சுற்றிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். தேத்தண்ணீரோடு சேர்த்து வாசற்படிக் கல்லில் ஓங்கி அடித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கல்லாவில் போய் உட்கார்ந்தார். அப்பா சட்டென்று எழுந்து நின்றார். 'இதோ, இப்போது அப்பா அவரை அடிக்கப்போகிறார்' என்று நினைத்தேன். அப்பா என் கன்னத்தில் அறைந்தார். "சின்னப் புள்ள மொதலாளி, தெரியாம செஞ்சிருச்சு" என்று கும்பிட்டார். என்னை அவர் அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். இலைகளுக்கு முன்னால் இருந்தவர்கள் மறுபடி மெல்லத் தொடங்கினார்கள். 'சின்னப் பெண்ணாயிற்றே' என்றுகூட ஒரு வாய் சொல்லவில்லை; சட்னி கேட்டார் ஒருவர். அந்தச் சட்னி கேட்ட குரலை இன்றும் எனக்கு அடையாளம் தெரியும்.

வீட்டில் அம்மா என் கன்னத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என்ன நடந்தது என்று கேட்கவேயில்லை. பின்பக்கம் போய் என் பதினொரு டின்களையும் ஒவ்வொன்றாகக் காலால் மிதித்து நசுக்கினார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. டின் எதற்கு என்பதும், அம்மாவுக்கு அந்தச் சாப்பாடு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதும். அடுத்த நாள் பாசாரிலிருந்து அம்மா ஒரு கண்ணாடிக் கிளாஸ் வாங்கி வந்து, அதில் தேத்தண்ணீர் ஆற்றி அப்பாவுக்கு நீட்டினார். அப்பா அதை வாங்காமல் வேலைக்குப் போய்விட்டார்.

என் கோபம் முதலாளியோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, "வர்றியா பாப்பா?" என்றார். நான் போனேன். சந்து வழியாக, ஜம்பு மரத்தடிக்கு. இட்லி அதே இட்லிதான், சாம்பார் அதே ருசிதான், இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த ருசியை என் நாக்கு மறுக்கவில்லை. அடித்த அப்பாவை மன்னித்துவிட்டேன். தப்பு என் பேரில்தான் என்று காட்டிக் கும்பிட்டால்தான் அவர் பெண்ணோடு வெளியே போக முடியும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இட்லிக்காகத் திரும்பிப் போன அந்த ஒன்பது வயதுக்காரியை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பா போய் நாற்பது வருஷம் ஆகிறது, முதலாளி அவருக்கு முன்பே போய்விட்டார். நான் இப்போது பத்து பெரெண்டாம் பகுதியில் மகளோடு இருக்கிறேன். போன மாதம் அவள், "அம்மா, ஒங்க பழைய எடத்துல ஒரு கடை திறந்திருக்காங்க" என்று சொல்லிக் கூட்டிப்போனாள். கிணற்றை மூடிவிட்டார்கள், ஜம்பு மரம் இல்லை, சந்து வழியை அடைத்துக் குளிர்சாதன இயந்திரங்கள் மாட்டியிருக்கிறார்கள். கதவுகளுக்கு மட்டும் அதே பச்சைச் சாயத்தைத் தேடிப்பிடித்துப் பூசியிருக்கிறார்கள், பழைமையாம். வாசற்படிக் கல்லும் அதேதான். தேத்தண்ணீர் சொன்னோம். மேசைக்கு வந்தது, பளபளப்பான பால் டின்னில், புதுக் கயிறு கட்டி. மகள் கைப்பேசியை நீட்டி, "சிரிங்கம்மா, பழைய காலம் மாதிரியே இருக்குல்ல?" என்றாள். அவளுக்கு நான் இதைச் சொன்னதே இல்லை. அவள்மேல் கோபப்பட என்ன இருக்கிறது?

கொண்டுவந்த பெண்ணிடம், "எனக்குக் கிளாஸ்ல வேணும்" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "இங்க கிளாஸ் இல்ல ஆண்ட்டி. எல்லாருக்கும் டின்தான்" என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. எல்லாருக்குமாம். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நான் தண்ணி குடிக்கிற கிளாஸ் ஒண்ணு உள்ள இருக்கு, பரவாயில்லயா?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். அவள் குடிக்கிற கிளாசை எடுத்து வந்து வைத்தாள். டின்னிலிருந்து நானே ஊற்றினேன். கொஞ்சம் மேசையில் சிந்தியது. ருசி ஒன்றும் பிரமாதமில்லை, வெறும் சர்க்கரை. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்து, வாசற்படிக் கல்லை மிதிக்காமல் தாண்டி வெளியே வந்தேன். அன்று அந்தக் கல்லில் உடைந்த கிளாசில் என் அப்பா ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.