சூசை அண்ணையின் காருக்கு நான் பூட்டிய இன்ஜெக்‌ஷன்

இன்று காலை நான் கார் திருத்துகிற கராச்சுக்கு முன்னால் அந்தக் கார் மறுபடியும் வந்து நின்றது. ட்ராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள்!

பழைய காருக்குப் பெற்றோல் விடக் காபரேற்றரா, இன்ஜெக்‌ஷனா என்று இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் முதலில் இதை வாசியுங்கள்.

உங்களில் பலருக்கு அந்தக் காரைத் தெரியும். நாலு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் படம் போட்டு நான் பீற்றிக்கொண்ட ஏ-ஃபோர்ட்டி. (லைக் போட்டவர்கள் தயவுசெய்து திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.)

கார் மன்னார் தாழ்வுபாட்டுச் சூசை அண்ணையுடையது. கடல்தொழில் செய்கிறவர். எஞ்சினை முழுதாகக் கழற்றிச் செய்யக் கொண்டுவந்தபோது அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“தம்பி, பழைய காபரேற்றரையே பூட்டுவமோ, இல்லாட்டி நீ சொல்லுற இன்ஜெக்‌ஷனோ?”

நான் விட்டேனா!

கொம்பியூட்டர் அளந்து பெற்றோல் விடும், விடியற்காலையிலும் ஒரே ஸ்டார்ட், சோக் இழுக்கத் தேவையில்லை, பெற்றோலும் மிச்சம் என்று அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தேன். (சம்பளம் இல்லாத வாத்தியார்!)

அவருடைய மனைவி றீற்றா அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்தார். நெஞ்சு வருத்தக்காரி. மாதம் தவறாமல் கிளினிக் போகிறவர்.

“அண்ணை, அக்காவை ஏத்திக்கொண்டு போற கார். நடுவழியிலை நிண்டா என்ன செய்வியள்? இன்ஜெக்‌ஷனைப் போடுங்கோ.”

அக்கா சிரித்தார். “தம்பி சொன்னாச் சரியாத்தான் இருக்கும். பூட்டச் சொல்லுங்கோ.”

பூட்டினேன். தையல் மெஷின் மாதிரி ஓடியது. படம் எடுத்துப் போட்டேன்.

ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. மறைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சண்டைக் காலத்தில் எங்கள் பக்கம் பெற்றோல் கிடையாது. சின்னப் போத்தலால் காபரேற்றரின் வாய்க்குள் கொஞ்சம் பெற்றோல் பீச்சி ஸ்டார்ட் செய்துவிட்டு, பிறகு மண்ணெண்ணெயிலேயே கார் ஓட்டுவோம். வெளியூர்க்காரர் நம்பமாட்டீர்கள்! இருமும், புகை கக்கும், ஆனால் ஓடும். பற்றரி செத்துக் கிடந்தாலும் நாலு பேர் தள்ளினால் பிடித்துவிடும்.

சூசை அண்ணை கார் ஓட்டப் பழகியதே அப்படித்தான்.

போன மாதம் பெற்றோலுக்குத் தட்டுப்பாடாக இருந்த கிழமையில், ஒரு மத்தியானம் றீற்றா அக்காவுக்கு நெஞ்சு நோவு வந்தது. அயலில் எந்த ஓட்டோவிலும் பெற்றோல் இல்லை. அம்புலன்ஸுக்கு அண்ணை ஃபோன் அடிக்கவே இல்லை. வாசலில் கார் நிற்கிறதே!

கார் டாங்கில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. மீன்பிடி போட்டுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கலனைத் தூக்கி அதற்குள் கவிழ்த்துவிட்டு அக்காவை ஏற்றினார்.

மண்ணெண்ணெய் இன்ஜெக்‌ஷனுக்கு ஒத்துவராமல் பாதி வழியில் நின்றது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பற்றரியும் இறங்கிவிட்டது.

பற்றரி இல்லையென்றால் கொம்பியூட்டரும் இல்லை, பெற்றோல் பம்பும் இல்லை. மன்னாரே திரண்டு வந்து தள்ளினாலும் அந்தக் கார் ஸ்டார்ட் ஆகாது. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்ற நாலு பேர் ஓடிவந்தார்கள். முன்னுக்கும் பின்னுக்குமாக அரை மணித்தியாலத்துக்கு மேல் தள்ளினார்கள். கடைசியில் அந்த வழியால் வந்த மீன் லொறி ஒன்று அக்காவை ஏற்றிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் இறக்கியபோது உயிர் இல்லை.

செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். மண்ணெண்ணெய் ஊற்றியதற்காக எல்லோரும் அண்ணையைத்தான் ஏசினார்கள். நான் வாயே திறக்கவில்லை. ‘ஊற்றியது அவர்தானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

முந்தாநாள் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. இன்று காலை அவர் ட்ராக்டரிலிருந்து இறங்கினார்.

“வாங்கோ அண்ணை, இருங்கோ.”

இருக்கவில்லை.

“தம்பி, நான் மண்ணெண்ணெய் ஊத்தினதாலைதானே நிண்டது? உண்மையைச் சொல்லு.”

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழி முழுக்க அவரோடேயே போய்விடும். நாக்கு நுனி வரை வந்தது.

“நிண்டது அதாலைதான் அண்ணை. ஆனா பற்றரி இறங்கினா இந்தக் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணேலாது. அதை நான் உங்களுக்குச் சொல்லேல்லை. பிழை என்னிலை.”

காரின் பொனற்றில் கையை ஊன்றினார்.

“எவ்வளவு தள்ளினாலும் பிடிக்காதோ?”

“பிடிக்காது அண்ணை.”

அவர் கத்தவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஆஸ்பத்திரி ரெண்டு மைல்கூட இல்லைத் தம்பி. நாலு ஆம்பிளையள் நிண்டவங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தா, காரை விட்டிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பம்.”