பிரின்டர் வைத்திருந்த நகல்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தக் காகிதம் வேண்டுமென்றாலும், "ஆபீஸ்ல ஒரு பிரின்ட் எடுத்துட்டு வந்துடு" என்று என்னிடம்தான் சொல்வார்கள். எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. என் தங்கை சாந்தியின் கணவனும் அதே அலுவலகத்தில், கீழ்த்தளத்தில் இருந்தான்.

அவன் அடி தாங்காமல் சாந்தி வெளியேறி, லிங்கராஜபுரத்தில் யாருக்கும் தெரியாமல் வாடகைக்கு வீடு பார்த்தாள். "அக்கா, அக்ரிமென்ட்ட மட்டும் ஆபீஸ்ல எடுத்துக் குடுத்துடு" என்றாள். 'சாந்தி புது வீடு' என்று கோப்புக்குப் பெயர் வைத்து பிரின்டருக்கு அனுப்பினேன். பிரின்டர் பக்கத்திலேயே நின்று, தாள் வந்ததும் எடுத்துக்கொண்டேன். ஜாக்கிரதையாக இருந்ததாகத்தான் நினைத்தேன்.

மறுவாரம் அவன் அந்தப் புது வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். பக்கத்து வீட்டார் ஓடி வருவதற்குள் சாந்தியின் கை முறிந்துவிட்டது. போலீஸிடம், "அட்ரஸ் பிரின்டர்லயே இருந்துச்சு" என்றானாம்.

எங்கள் சிஸ்டம் அட்மின் பிரின்டரில் சேர்ந்திருந்த கோப்புகளைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். "பாருங்க மேடம், அடிச்சதெல்லாம் மிஷின்ல சேவ் ஆகும். ஆபீஸ் நெட்வொர்க்ல எந்த சிஸ்டத்துல இருந்தும் எடுக்கலாம். பாஸ்வேர்டும் மிஷின் வாங்கினப்ப இருந்ததுதான், யாரும் மாத்தல."

திரையில் என் தங்கையின் பெயர் அப்படியே இருந்தது.

ஒரு கை முறிந்த பிறகு பாஸ்வேர்டை மாற்றினார்கள். சொந்தக் காகிதம் எதையும் நான் இப்போது அங்கே அடிப்பதில்லை. வீட்டில் யார் கேட்டாலும் முடியாது என்றுவிடுகிறேன். சாந்தி மறுபடி வீடு மாறிவிட்டாள். எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.